தனக்குத் தானே போட்ட ஆர்டர்

போன வாரம் திருப்பதியில் எம்.பி.ஏ. மாணவர்களோடு ஒரு மணி நேரம். ‘ஏன் சொந்தக் கம்பெனி?’ என்று கேட்டேன். சுதந்திரம் என்றான் ஒருவன். சாதனை என்றாள் ஒரு பெண். “உங்க செட்ல யாராவது ஆரம்பிச்சாங்களா சார்? அவங்களுக்கு என்ன மோட்டிவேஷன்?” என்றாள் இன்னொருத்தி.

“கல்யாணம்” என்றேன். சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை.

வரதன் என்னோடு பி.காம். படித்தவன். கங்காதர நெல்லூர்க்காரன். நாங்கள் படிப்பை முடித்தபோது மாநில எல்லை பிரித்து, சித்தூர்ப் பக்கத்தை ஆந்திராவோடு சேர்த்து முடித்திருந்தார்கள். மெட்ராஸில் வேலை கேட்டால், “நீங்க ஆந்திரா.” சித்தூரில் கேட்டால், “தெலுங்கில் எழுது.” வரதன் தெலுங்கில் விலை பேசுவான், சண்டையும் போடுவான். எழுதத்தான் வராது.

புத்தூரில் அவனுடைய தாய்மாமா. அவர் மகள் கனகம்தான் இவனுக்கு முறைப்பெண். இருவருக்கும் பிடித்திருந்தது. மாமாவுக்கு வேண்டியது ஒரு காகிதம் — வேலைக்கான ஆர்டர்.

“தைக்குள்ள ஆர்டர் கொண்டா. இல்லன்னா கனகத்த வேற எடத்துல குட்துடுவேன்.”

யார் ஆர்டர் தருவார்கள்? வரதன் யோசித்தான். ஒரு கம்பெனி ஆரம்பித்துத் தனக்குத் தானே வேலை போட்டுக்கொண்டான்! சித்தூர் மாங்காயை மெட்ராஸுக்கு அனுப்பும் கம்பெனி. கடை வீதியில் ஓர் அறை, ஒரு மேஜை. பாடப்புத்தக மாதிரியைப் பார்த்து ஆர்டர் டைப் அடித்தோம் — மேனேஜர் உத்தியோகம். ஓனர் கையெழுத்து மட்டும் நான் போட்டேன்.

புத்தூர் போனோம். மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது.

“ஓனரு நல்ல மனுசனா?”

“தங்கமான ஆளு மாமா.”

“வயசாளியா?”

“இல்ல மாமா, சின்ன வயசுதான்.”

“கல்யாணம் ஆயிடிச்சா?”

வரதன் என்னைப் பார்த்தான். நான் மோர் டம்ளரைப் பார்த்தேன்.

“இன்னும் ஆவல...”

“நம்ம ஜனமா? விசாரிச்சுச் சொல்லுடா. மேனேஜருக்குக் குடுக்கற பொண்ண ஓனருக்கே குடுக்கலாமே.”

வரதன் எழுந்து நின்றுவிட்டான். “மாமா... ஓனரே நான்தான்” என்றான்.

மாமா காகிதத்தை மடித்தார். “அப்ப உனுக்கு வேலையே கெடைக்கல. என்னாண்ட வந்து பொய் சொல்லிக்கினு கீற.”

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து கனகத்தின் குரல்: “வேலைல கீறவன நாளைக்கே தூக்கிடுவாங்க நைனா. ஓனர யாரு தூக்குவாங்க?”

மாமா மடித்த காகிதத்தை மறுபடியும் பிரித்துப் பார்த்தார். பிறகு, “மோர் இன்னும் வேணுமா?” என்றார், வரதனைப் பார்த்து.

துணிச்சல், தொலைநோக்கு என்றெல்லாம் பிற்பாடு மேடையில் சொல்வார்கள். கம்பெனி ஆரம்பிக்கிற அன்று பலருக்கும் இருப்பது இதுதான் — வேறு கதவு திறக்கவில்லை, வெறுங்கையோடு போய் நிற்க முடியாத ஒரு வீடு இருக்கிறது.

தையிலேயே கல்யாணம். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே ‘மேனேஜர்’ என்றுதான் அச்சிட்டார் மாமா.

ஓனர் என்று போட்டால், பையனுக்கு வேலையில்லை என்று ஊர் பேசுமாம்!