இரண்டு ரிங்

என் தாய்மாமாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய செல்போன்களைப் பற்றி நான் எழுதுவதை யாரும் நடுநிலையான சங்கதி என்று நினைத்துவிடக் கூடாது.

எங்கள் சொந்தத்தில் முதல் செல்போன் அவர் இடுப்பில்தான் வந்து இறங்கியது. ஏர்வாடிக்கு மேற்கே அவருக்கு மிளகாய்க் காடும் ஒரு டிராக்டரும் இருந்தன. போன் செங்கல் கனம், தலையில் குட்டை ஏரியல். அதைத் தோல் உறையில் போட்டு, வேட்டிக்கு மேலே கட்டிய பச்சை பெல்ட்டில் மாட்டியிருப்பார். கண்மாய்க் கரை மேல் ஏறினால்தான் அவர் ஊரில் சிக்னல் கிடைக்கும். காலையும் மாலையும் கரையில் நிற்பார். சும்மா நின்றாலும் ஏதோ பெரிய விஷயம் பேச நிற்கிறார் என்று ஊர் நினைத்தது. அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. டிராக்டரின் டிரெய்லர் முதுகில் நம்பரை மஞ்சள் பெயிண்டால் எழுதி வைத்தார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயரை விட அவருடைய செல் நம்பர் பெரிதாக இருந்தது. அச்சகத்தில் பக்கத்திலேயே நின்று போட வைத்தார்.

அப்போது உள்ளே வரும் அழைப்புக்கும் காசு. அதனால் சொந்தக்காரர்களுக்கு ஒரு சட்டம் போட்டார்: ரெண்டு ரிங் விட்டுக் கட் பண்ணிவிட வேண்டும், அவர் திருப்பிக் கூப்பிடுவார். இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த ஒரே ஆள் என் அம்மா, அவருடைய ஒரே தங்கை. எங்கள் ஊரில் போன் கிடையாது. அம்மா பஸ் ஏறித் திருப்பாலைக்குடி பூத்துக்குப் போய், இரண்டு ரிங் விட்டு வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். பூத்துக்காரருக்கு ஒரு பைசா வராத வாடிக்கை; முணுமுணுப்பார். மாமா பெரும்பாலும் கூப்பிட மாட்டார். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்து, அண்ணனுக்கு ஆயிரம் சோலி என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு உள்ளே வரும் அழைப்புக்குக் காசு நின்றது. பேசும் கட்டணமும் விழுந்தது. ஆடு மேய்ப்பவர் கையிலும் போன் வந்தது. மாமாவின் சட்டம் மட்டும் அப்படியே இருந்தது. மணி அடித்ததும் போனை எடுப்பவன் சின்ன ஆள் என்று அவருக்கு ஓர் எண்ணம். ஏரியல் இல்லாத போன், கலர் போன், கேமரா போன் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொன்றையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கேமரா போன் வந்தபோது எங்கள் கன்றுக்குட்டியைப் படம் பிடித்தார். அம்மா அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் அவள் கை மட்டும் விழுந்தது.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் ஆள் விட்டுக் கேதம் சொல்வது முறை. ஒரு பங்காளி வீட்டுக் கேதம் சொல்ல வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவரை மாமா என் கண் முன்னாலேயே கேலி செய்தார். செல் எதுக்கு இருக்கு, ஒரு போன் அடித்தால் போதாதா, இன்னும் எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்த மனிதர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

நான் ராமநாதபுரத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். அங்கே கிடைத்த சம்பளத்தில் எனக்கு ஒரு டார்ச் போன் வாங்கினேன்; வீட்டுக்கும் அது ஒன்றுதான். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் மாமாவுக்குப் போகும்படி அம்மாவுக்கு வைத்துக் கொடுத்தேன். எழுத்து தெரியாது, அது போதும் என்றாள். அவளுக்கு மூச்சிரைப்பு முற்றியபோது நான் கடைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தேன். என் போனை வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கரண்ட் போகும் ஊர். டார்ச்சுக்கு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் இறந்துபோனாள். மாமாவுக்கு ஆள் விடச் சொன்னார் அப்பா. மாமாதான் போன் போதும் என்ற ஆளாயிற்றே என்று நானே கூப்பிட்டேன். அதிசயமாக உடனே எடுத்தார். சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள், அவரைத் தவிர. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன் கொண்டுவந்து போர்த்தாமல் அம்மாவை எடுக்க முடியாது. வெயிலோ ஏறிக்கொண்டே போகிறது. மறுபடியும் கூப்பிட்டேன். அத்தை எடுத்தாள். "மாமா ரொம்ப வருத்தமா இருக்காக. முறையா ஆள் வந்து சொல்லலையில்ல" என்றாள்.

செத்துக் கிடக்கும் அம்மாவை விட்டுவிட்டு, ராமநாதபுரத்தைச் சுற்றிக்கொண்டு அவர் ஊருக்கு பைக்கில் போனேன். வாசலில் வேன் நின்றது. பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வேனுக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கோடிச் சேலை தட்டில் இருந்தது. மாமா சலவைச் சட்டையோடு நாற்காலியில் இருந்தார். எல்லாம் தயார், நான் வந்து சொல்வதுதான் பாக்கி.

"அம்மா தவறிருச்சு மாமா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. வேனுக்குள்ளும் ஒப்பாரி தொடங்கியது. இவ்வளவு கேவலமான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மாமா மூக்கைச் சிந்திவிட்டுப் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருலே, உன் நம்பருதான். கூடப் பொறந்தவ சாவ இதுலயா சொல்றது?"

பார்த்தேன். மேலே அன்று நான் பேசிய இரண்டு அழைப்புகள். அதற்குக் கீழே என் பெயர் வரிசையாக நின்றது, எல்லாம் மிஸ்டு கால். முந்தின நாள் சாயங்காலம், மத்தியானம், காலை, அதற்கு முந்தின நாள். அதில் ஒன்றுகூட நான் அடித்ததல்ல.

"இதெல்லாம் அம்மா அடிச்சது மாமா."

அவர் போனை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ரெண்டு ரிங்லயே வச்சிருச்சே, நான் என்ன செய்ய?" என்றார்.

வேனுக்கு முன்னால் பைக்கை விட்டேன். கோடி போர்த்தினார், எடுத்தோம். சேலை நல்ல சேலைதான்.

இப்போதும் மாமா அவ்வப்போது என்னைக் கூப்பிடுகிறார். வயதாகிவிட்டது, பேச ஆள் இல்லையாம். இரண்டு ரிங்கில் வைப்பதில்லை. முழுசாக அடிக்க விடுகிறார். நான் எடுப்பதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முறையாக ஆள் விடட்டும்.