மகளின் கட்டிலில் படுத்த பக்கரானா

மகள் வகுப்பில் கீறிய படத்துக்காக என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். படத்தில் மகள் கட்டிலில் கிடக்கிறாள். பக்கத்தில் அவளளவு நீளத்துக்கு ஒரு கறுத்த எலி. கீழே பிரெஞ்சில் "என் வீடு" என்று எழுதியிருந்தாள்.

அது எலி இல்லை, பக்கரானா. எங்கள் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் இருந்தது. கொறிக்கும் விலங்குகளில் அதன் குடும்பம் ஒரு காலத்தில் பெரியது. காளை மாட்டளவு வளர்ந்தவையும் இருந்தனவாம். எல்லாம் அழிந்து, தென்னமெரிக்க மலைக்காடுகளில் இந்த ஓர் இனம்தான் மிச்சம். வழக்கமாக எனக்குப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அதைப் படித்த அன்றைக்குத் தமிழில் கேட்டாள்: "அதுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லையோ? அப்ப என்ரை கட்டில்லை படுக்கட்டும்." நான் சிரித்தேன். சிரிக்காமல் விட்டிருக்கலாமோ என்று பிறகு யோசித்தேன்.

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டதும் கணவர் பயந்துவிட்டார். "எங்கடை எலியளைப் பற்றி நீர் மூச்சும் விடாதையும். அரசாங்க ஆக்கள் வந்து பிள்ளையளைக் கொண்டு போயிடுவாங்கள்."

எங்கள் எலிகள் உண்மையானவை. குப்பைத்தொட்டி வைக்கும் முற்றத்திலிருந்து குழாய் வழியே ஏறி வருகின்றன. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள ஓட்டையைப் பாத்திரம் தேய்க்கிற கம்பியால் அடைத்திருக்கிறோம். கைக்குழந்தையின் பால்போத்தல் சூப்பியைக்கூடக் கடித்திருந்தன. கட்டட நிர்வாகத்துக்கு எத்தனையோ தடவை தொலைபேசி எடுத்தேன். "நீங்கள் மூட்டையாக அரிசி வைத்திருக்கிற ஆட்கள்தானே, மேடம்" என்றான் ஒருவன். நான் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தேன். அந்த நன்றியை நினைத்தால் இப்போதும் என் மேலேயே கோபம் வருகிறது.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை, உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் இருந்தார்கள். புத்தகத்தை விரித்து, மெதுவாக நடக்கும், ஒருவருக்கும் தீங்கு செய்யாத பிராணி என்று விளக்கினேன். முகங்கள் மலர்ந்தன. "என்ன கற்பனை" என்றார் உளவியலாளர். "அப்படியென்றால் வீட்டில் பிரச்சினை ஒன்றும் இல்லை" என்றார் தலைமையாசிரியை.

"இல்லை" என்று எழும்பினேன். கோட்டுக்குப் பொத்தான் போடும்போதுதான் ஆத்திரம் வந்தது. இல்லாத எலிக்கு மூன்று பேர் கூடியிருக்கிறார்கள்.

திரும்ப உட்கார்ந்தேன். "எலி இருக்கிறது. சின்ன எலி. வீட்டுக்குள்ளே."

"அது கட்டட நிர்வாகத்தின் விஷயம், மேடம்" என்றார் தலைமையாசிரியை.

"என் பிள்ளை கீறின எலி உங்கள் விஷயம். அவளைக் கடிக்கப்போகிற எலி இல்லையா?" குரல் உயர்ந்துவிட்டது. ஆசிரியர்களிடம் அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. "வந்து பாருங்கள். பிறகு என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதுங்கள்."

தலைமையாசிரியையும் உளவியலாளரும் தங்கள் தாள்களை அடுக்கினார்கள். சமூகப் பணியாளர் மட்டும், வியாழன் காலை வருகிறேன் என்றார்.

வியாழன் காலை கணவர் குனிந்திருந்து புதுக் கம்பியை எலி ஓட்டைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கோ அதை" என்றேன்.

"பிள்ளையளைக் கொண்டு போனால்?"

எனக்கும் அதே பயம்தான். வாசல் மணி அடித்தது. அவரை விலக்கி, கம்பியை நானே இழுத்தெடுத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.