கன்ஹேரிக் குகையும் ஒரு ஹிந்துஸ்தானி வார்த்தையும்

1946, ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்கு மாஹிம் ஸ்டேஷனில் போரிவலிக்கு இரண்டு மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினேன். ஒன்று எனக்கு, இன்னொன்று என் தாயாருக்கு. அவளை நாங்கள் அம்மை என்போம். பேரன் பிறந்ததைப் பார்க்கத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவள், புதன்கிழமை ஊருக்குத் திரும்பப் போகிறாள்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்குப் பம்பாய்த் தமிழர்கள் வழக்கமாகக் காட்டுவதையெல்லாம் காட்டியாயிற்று. சௌபாட்டிக் கடலைப் பார்த்து, "நம்ம திருச்செந்தூர்க் கடலை விட அழுக்கா இருக்கே" என்றாள். மிருகக்காட்சி சாலையில் சிங்கத்தின் கூண்டுக்கு முன்னால் நின்று, "பாவம், இதுக்கும் உன்னைய மாதிரி ஒத்த ரூம்தானா?" என்று கேட்டாள். கோயில் மட்டும்தான் பாக்கி. அதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பெயரைச் சொல்லி அதற்குப் பெருமை சேர்க்க எனக்கு மனமில்லை. அங்கே கோயில் தெரு தொடங்கும் இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறது. ஆதிதிராவிட ஜனங்களாகிய நாங்கள் அந்தக் கல்லைத் தாண்டக் கூடாது. தேங்காயைக் கல்லின் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றால், மனமிருந்தால் யாராவது வந்து எடுத்துப் போவார்கள். அம்மைக்கு அறுபது வயதாகிறது. இத்தனை காலமும் சாமி என்று அவள் கும்பிட்டதெல்லாம் தூரத்துக் கோபுரத்தின் மேல் பாதியைத்தான். பம்பாய் வந்த பிறகு மாதுங்காவில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப் போனேன். எங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றுகொண்டு, "இங்கனயே நல்லாத் தெரியுது, நீ போயிட்டு வா" என்றாள். நானும் போகாமல் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே பிடிவாதம். ஊருக்குப் போவதற்குள், எந்தச் சாமியாக இருந்தாலும் சரி, ஒரு சந்நிதிக்குள்ளே அவள் கால் பட்டாக வேண்டும்.

கன்ஹேரியைப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் ராத்திரிப் பள்ளிக்கூட வாத்தியார். மாதுங்கா ரயில்வே பட்டறையில் நான் கொல்லு வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். கன்ஹேரி மலைக்குப் போகும் பாதையைப் போட்டுக் கொடுத்தவன் கலியாண் பட்டணத்துக் கொல்லன் ஒருவன் என்று அங்கே பாறையில் வெட்டியிருப்பதாக ஒரு நாள் சொன்னார். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட எழுத்தாம். அதைக் கேட்டதிலிருந்து அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு பங்காளி பாத்தியதை வந்துவிட்டது.

ரயிலில் கூட்டமில்லை. பாந்திரா தாண்டியதும் வயல்களும் தென்னைகளும் வந்தன. அந்தேரிக்கு அப்பால் பனிக்குள் எருமைகள் நின்றுகொண்டிருந்தன. அம்மை ஜன்னலோரம் உட்கார்ந்து, புளிச்சோற்றுத் தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏலே, இப்பம் போறது என்ன ஊருன்னே?"

"கன்ஹேரி."

"கண்ணேரியா? ஏரின்னா குளிக்கலாமே. மாத்துச் சீலை கொண்டாராமப் போனேனே."

"ஏரி இல்லம்மா. மலை. மலையக் குடைஞ்சு கட்டின புத்தர் கோயிலு."

கோயில் என்றதும் மடியிலிருந்த தூக்குச்சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மலாட் வந்ததும் மெதுவாகக் கேட்டாள்: "எது மட்டும் போலாம்?"

எங்கே போனாலும் அவள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். எது மட்டும் போகலாம், அதாவது எந்த இடம் வரைக்கும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாயைத் திறந்தால் ரயிலிலேயே சண்டை வரும் என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குப் போரிவலி. சின்ன ஸ்டேஷன். வாசலில் ஒரே ஒரு குதிரை டாங்கா நின்றது. மலையடிவாரம் வரைக்கும் போகக் காத்திருப்புக் கூலியோடு இரண்டரை ரூபாய் கேட்டான் வண்டிக்காரன். இரண்டுக்குப் படிந்தான். ஐந்து மைல் தூரம் என்றான். எனக்கு ஆறுக்குக் குறைவாகத் தோன்றவில்லை. பாதையின் இரு பக்கமும் மூங்கிலும் தேக்கும் அடர்ந்திருந்தன. அம்மையை அவன் வாய்க்கு வாய் "மாவ்ஷி" என்று அழைத்தான். மராத்தியில் சித்தி என்று அர்த்தம் என்று சொன்னேன்.

"நம்ம என்ன ஆளுகன்னு அவனுக்குத் தெரியுமாலே?"

"அவன் என்ன ஆளுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பம் சரியாப் போச்சு."

அம்மை சிரித்துவிட்டாள். கடைசியில் ஒரு மைல் மேட்டில் நடை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அறுபது வயதுக்காரி நாற்று நட்ட காலோடு முன்னே போய்க்கொண்டிருந்தாள்.

கன்ஹேரியைப் பார்க்காதவர்களுக்கு அதை எப்படிச் சொல்வது? ஒரே கரும்பாறை மலை. அதன் உடம்பு முழுக்க வாசல்கள், படிகள், நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். துறவிகள் படுத்த கல் மேடைகள் அப்படியே இருக்கின்றன. ஒரு செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை. எல்லாம் உளியும் சுத்தியலும் செய்த வேலை. நான் இரும்பு அடிக்கிறவன். கை தவறினால் இரும்பை மறுபடி காய்ச்சி அடித்துக்கொள்ளலாம். பாறையில் கை தவறினால் தவறினதுதான். அவ்வளவு பெரிய மலையில் அப்படித் தவறின இடம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. கைவேலைக்காரன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

பெரிய கோயில் மூன்றாவது குகை. முன்னால் ஒரு முற்றம், அதைத் தாண்டி ஒரு முகமண்டபம். அதன் இரு கோடியிலும் நான்கு ஆள் உயரத்தில் புத்தர் நிற்கிறார். அம்மை முற்றத்துக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தாள். தாகமாக இருக்கிறது என்றாள். குகைக்குக் குகை பாறையில் தொட்டி வெட்டி மழைத்தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஜனவரியிலும் அது வற்றவில்லை. தூக்குச்சட்டியின் மூடியை எடுத்துக்கொண்டு நான் அந்தத் தண்ணீரை மொள்ளப் போனேன்.

திரும்பி வந்தால் அம்மையைக் காணோம். முற்றத்திலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை. கீழே பார்த்தேன். நாங்கள் ஏறி வந்த பாதையில் வெகுதூரம் இறங்கிப் போய், ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஓடிப் போய்க் கேட்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்: "அங்கன காவக்காரன் ஒருத்தன் இருக்கான். அந்தாலே போன்னான். வந்துட்டேன். வா, பொறப்படுவோம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பார்த்து 'அந்தாலே போ' என்றால், இங்கே நில்லாதே, அப்படியே அந்தப் பக்கமாக ஒழிந்து போ என்று அர்த்தம். பிறந்தது முதல் அவள் கேட்டு வளர்ந்த வார்த்தை அது. ஆயிரம் மைல் ரயிலேறி வந்து, காட்டுக்குள்ளே, கேட்பாரில்லாத புத்தர் கோயிலிலும் அதுவா? தண்ணீரைக் கொட்டிவிட்டுப் படியேறினேன்.

காவல்காரரான சர்க்கார் சௌகிதார் தூணோரம் உட்கார்ந்து பாக்கரி ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். எனக்குத் தெரிந்த பம்பாய் ஹிந்துஸ்தானியில் கண்டபடி கத்தினேன். அதில் பாதி பட்டறையில் கற்றது. அச்சில் ஏற்ற முடியாது. என் தாயாரை விரட்ட நீ யார் என்பது அதன் சாரம்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு எழுந்து நின்றார். கோபத்தை விடத் திகைப்புத்தான் அதிகமாகத் தெரிந்தது. "பாய், நான் எங்கே விரட்டினேன்? உன் மாயி வெளியிலேயே நின்றார். உள்ளே போகச் சொன்னேன். சொல்லச் சொல்ல இறங்கிப் போகிறார்" என்றார்.

"என்ன சொன்னாய்? அதை அப்படியே சொல்."

அவர் எச்சில் படாத இடது கையை வீசிக் காட்டிச் சொன்னார்: "அந்தர் ஜாவ், மாயி. அந்தர், அந்தர்."

மாயி என்றால் அம்மா. அந்தர் என்றால் உள்ளே. ஹிந்துஸ்தானியில் உள்ளே என்று அழைத்த 'அந்தர்', இடது கை வீச்சோடு சேர்ந்து, எங்கள் சீமைக் காதில் 'அந்தாலே போ' என்று விழுந்திருக்கிறது. திருநெல்வேலியில் பிறந்தவளைத் தவிர வேறு யாரும் இப்படித் தவறாகக் கேட்டிருக்க முடியாது. அந்த மனிதரின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். விஷயம் புரிந்ததும் அவர் சிரித்தார். "அவரைக் கூட்டி வா" என்றார்.

மரத்தடிக்குப் போய் விளக்கினேன். அம்மை நம்பவில்லை.

"எனக்காச்சுட்டிப் பொய் சொல்லுதியா?"

"நீயே வந்து கேளு."

வந்தாள். முற்றத்தின் வாசலில் நின்று சௌகிதார் முகத்தைப் பார்த்தாள். அவர் இந்த முறை எழுந்து நின்று, வலது கையை உள்ளே நீட்டி, "அந்தர்" என்றார். முற்றத்தில் கால் வைத்தாள். மண்டபத்துப் படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அந்தர், மாயி." மண்டபம் கடந்தாயிற்று. பெரிய வாசற்படியில் மறுபடி நின்றாள். என் வார்த்தை அங்கே செல்லாது. அவர்தான் சொன்னார், அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். அவருக்கு அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

உள்ளே நீண்ட கூடம். இரு பக்கமும் தூண் வரிசை. கோடியில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கல் ஸ்தூபி, குவித்த நெல்லைப் போல. விக்கிரகம் இல்லை, திரை இல்லை, கம்பிக் கதவு இல்லை. அம்மை அதன் அருகில் போய் நின்றாள்.

"சாமி எங்கலே?"

"இதான்."

"தொடலாமா?"

"தொடு."

உள்ளங்கையை விரித்து வைத்தாள். குளிர்ந்திருக்கிறது என்றாள். கையை எடுக்காமலேயே அதைச் சுற்றி நடந்தாள். ஸ்தூபிக்குப் பின்னால் போய் அவள் கண்ணுக்கு மறைந்ததும் நான் தூணில் சாய்ந்து அழுதுவிட்டேன். வெட்கமில்லை, பெருமையில் வந்த அழுகை அது. சுற்றி முடித்து வந்தவள், "ஊருல உள்ள போயிக் கும்பிடுத ஆளுககூட சாமிக்குப் பொறத்தாலே போயிருக்க மாட்டாக, என்ன?" என்றாள். மாட்டார்கள் என்றேன். இன்னும் இரண்டு முறை சுற்றினாள்.

புளிச்சோற்றை முற்றத்தில் உட்கார்ந்து தின்றோம். சௌகிதாரும் ஒரு கவளம் வாங்கிக்கொண்டார். காரம் தாங்காமல் தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். ஒரு மணி வெயிலுக்குக் கிளம்ப எழுந்தோம்.

அப்போது ஒரு குஜராத்திக் குடும்பம் மேலே வந்தது. ஆண்கள் பின்னால் படம் பிடித்துக்கொண்டிருக்க, வெள்ளைப் புடவை கட்டிய ஒரு மூதாட்டி மட்டும் முன்னால் வந்தாள். கையில் தங்கக் காப்பு. நல்ல வசதியான வீட்டு அம்மாள் என்று பார்த்தாலே தெரிந்தது. சௌகிதார் இன்னும் தொட்டியடியில் இருந்தார். மூதாட்டி முற்றத்து வாசலில் தயங்கி நின்றாள். அங்கிருந்தவர்களில் வயதானவள் என் தாய்தான். அவளிடம் கையைக் குவித்து, பணிவாகக் கேட்டாள்: "அந்தர் ஜவாய்?"

எது மட்டும் போகலாம் என்று ஊரெல்லாம் கேட்டு வந்த என் தாயிடம், ஒருத்தி வந்து, உள்ளே போகலாமா என்று கேட்கிறாள். அம்மைக்குக் குஜராத்தியும் தெரியாது, ஹிந்துஸ்தானியும் தெரியாது. அந்த ஒரு வார்த்தை தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்று, வலது கையை உள்ளே நீட்டினாள்.

"அந்தர், தாயி" என்றாள். "கடைசி மட்டும் போலாம்."