கையில் கொடுத்த கத்தி

கோவிந்தராசுவிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். இடுப்பில் தொங்கும் மடக்குக் கத்தியைப் பற்றிக் கேட்டால், வேலைக்குப் போகும் வேன் ஜூரோங்கில் கிளம்பி புக்கிட் பாத்தோக் போய்ச் சேரும்வரை பேசுவார். இப்போது கேட்கத்தான் ஆளில்லை.

பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் மரங்களைப் பராமரிக்கிற வேலை. மரத்தைச் சாய்க்கிற வேலை இல்லை. கிளை கழிப்பது, கொடி அறுப்பது, கன்றுக்குக் கட்டிய கயிறு தண்டை நெரித்தால் அதை எடுத்துவிடுவது. ரம்பம் நுழையாத இடத்தில் கத்தி நுழையும். தடித்த அலகு. திறந்தால் உள்ளேயிருந்து ஒரு தகடு நகர்ந்து வந்து அலகுக்கு முட்டுக்கொடுக்கும். அந்த முட்டு முழுதாக விழுந்தால்தான் கத்தி மடங்காமல் நிற்கும். எல்லாச் சூட்சுமமும் அலகு சுழலும் இடத்திலுள்ள ஸ்குரூவில் இருக்கிறது. ரொம்ப இறுக்கினால் திறக்க இரண்டு கை வேண்டும். தளர்த்தினால் அலகு ஆடும், முட்டு அரைகுறையாக விழும்.

ஏணிமேல் நிற்கிறவனுக்கு ஒரு கைதான் மிச்சம்; மறுகை கிளையைப் பிடித்திருக்கும். அதனால் கோவிந்தராசு அந்த ஸ்குரூவைக் கால் சுற்று தளர்த்தி வைத்திருந்தார். மணிக்கட்டை ஒரு உதறு உதறினால் கத்தி தானே திறந்துகொள்ளும். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. புத்தியுள்ளவன் செய்கிற காரியமா அது?

ஹுசைன் அவரோடு ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தவன். ஒருவர் ஏறினால் மற்றவர் ஏணியைப் பிடிப்பார். கத்தியை மட்டும் கைக்குக் கை கொடுத்துக்கொள்ள மாட்டார்கள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று சொல்லி கோவிந்தராசு கீழே வைப்பார். ஹுசைன் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்வான்.

போன மார்ச்சில் ஒருநாள் ஹுசைன் ஏணியின் உச்சியில் நின்றான். "அண்ணே, கத்தியக் குடுங்க. சீக்கிரம் லா, மழை வருது."

அவ்வளவு உயரத்தில் எங்கே கீழே வைப்பது? இரண்டு படி ஏறி அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். ஹுசைன் கிளையில் சுற்றியிருந்த கொடியில் வைத்து அழுத்தினான். முட்டு நழுவி அலகு மடங்கியது. ஆள்காட்டி விரலில் ஏழு தையல்.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியதும் கோவிந்தராசு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்குரூவை இறுக்கினார். பிறகு பாதுகாப்பு அதிகாரி சுப்பிரமணியத்திடம் கத்தியை நீட்டினார். "கத்தி நல்லாத்தான் சார் இருக்கு. அவன் பிடிச்ச விதம் சரியில்ல." வேலை போய்விடுமோ என்ற பயம். பயம் வந்தால் நாக்கு யாருக்குத்தான் நேராக நிற்கிறது?

தவறு ஹுசைன் தலையில் விழுந்தது. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து அவனைச் செம்பவாங் குழுவுக்கு மாற்றினார்கள், அறையும் மாறியது. எல்லாம் கத்தியைக் கையில் கொடுத்ததால் வந்த வினை என்று கோவிந்தராசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாஸ்திரத்தின்மேல் பழி போட்டால் அது எதிர்த்துப் பேசாது. ஏழு மாதம் தனியாகச் சாப்பிட்டார். எதிர்க்கட்டிலில் வந்த புது ஆளின் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை.

வேன் ஓட்டும் ரமணன்தான் சொன்னார்: "ஹுசைன் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறான், ஒரேயடியா. உங்ககிட்ட சொல்லலையா?"

வெள்ளிக்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, ஹுசைன் வழக்கமாகப் போகும் லிட்டில் இந்தியாவுக்குக் கிளம்பினார். வேலையில்லாத நாளில் கத்தியோடு தெருவில் நடந்தால் போலீஸ் பிடிக்கும். பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுப் போனார். வழியெல்லாம் கை இடுப்பையே தடவியது.

தேக்கா சந்தைக்குப் பக்கத்துப் புல்வெளியில் ஹுசைன் உட்கார்ந்திருந்தான். காகித டீக்கோப்பையைப் பிடித்திருந்த கையில் ஆள்காட்டி விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது.

"பாய், அன்னைக்கு அந்தக் கத்தி..."

"ஸ்குரூ லூசு. தெரியும்ணே."

"எப்பத் தெரியும்?"

"கையில வாங்கினப்பவே. அலகு ஆடுச்சு. நீங்க குடுத்ததாச்சேன்னு அழுத்திட்டேன்."

கோவிந்தராசு அந்த விரலைப் பார்த்தார். "ஆபீசர்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"தப்பு என்னோடதுதான் பாய்."

"இப்ப சொல்லிட்டீங்கல்ல," என்றான் ஹுசைன். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. நண்பர்கள் கூப்பிட, கோப்பையைக் குப்பையில் போட்டுவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் புக்கிட் பாத்தோக்கில் ஒரு கன்றின் கயிற்றை அறுத்தார். அலகு ஆடவில்லை, திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. முடிந்ததும் மடக்கி, பழக்கத்தில் கத்தியைப் பக்கத்துப் புல்லில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே குனிந்து எடுத்துக்கொண்டார்.