மேற்படியார் மனைவி

அப்பா எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேரிடமாவது அவர் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: “உங்கம்மா பேரு இன்னா?” கல்யாணப் பந்தியில் கேட்பார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்பார். சிலர் முகம் சுளித்ததும் உண்டு. நானே எத்தனையோ முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். அவருக்கு நான்கு வயதாகும்போது பெற்ற தாய் காய்ச்சலில் இறந்துவிட்டார். தாத்தா மறுமணம் செய்துகொண்டார். வந்த சின்னம்மா அப்பாவைத் தன் பிள்ளைகளில் ஒருவராகவே வளர்த்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவர் மனம் நோகக் கூடாதென்று இறந்தவரைப் பற்றிய பேச்சையே வீட்டில் எடுக்க மாட்டார்கள். உறவினர்கள் “மூத்தவ” என்பார்கள், அதற்குமேல் வாய் திறக்க மாட்டார்கள். அந்த அம்மாளின் பிறந்த வீட்டாரும் ஊர் மாறிப் போய்விட்டார்கள். ஒரு போட்டோகூடக் கிடையாது.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் துறைமுகத்தில் கூலிக்குச் சேர்ந்து, கிரேன் ஓட்டுநராக உயர்ந்து, தம்பி தங்கைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்து, எங்கள் மூவரையும் படிக்க வைத்தவர் அப்பா. அவருக்குத் தன்னைப் பெற்றவரின் பெயர் தெரியாது; கேட்கத் துணிந்தபோது சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் யாரும் மிஞ்சவில்லை. ஆடி அமாவாசையன்று கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது தாத்தாவின் பெயரை உரக்கச் சொல்வார். அடுத்து “அம்மா” என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்.

நான் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை. கடந்த முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு என்னையும் போட்டார்கள். கணவர் பெயரை வாயால் சொல்லாமல் ரேஷன் கார்டை நீட்டிய ஓர் அம்மாளைப் பற்றி வீட்டில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அப்பா பெயரைச் சொன்னவர் இல்லை. அப்பா மட்டும் சிரிக்காமல் கேட்டார்.

“நீ எழுதுனதெல்லாம் எங்க வப்பாங்க, டீச்சரம்மா?”

“யாருக்கும் காட்ட மாட்டாங்கப்பா. எண்ணிக்கைய மட்டும் எடுத்துப்பாங்க.”

“அப்போ எங்கம்மாவையும் எவனோ எழுதிக்கினு போயிருப்பான் இல்ல?”

அன்று பிடித்ததுதான். பணி ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவருக்கு வேறு வேலையும் இல்லை. என் ஸ்கூட்டர் பின்னால் ஏறிக்கொள்வார். முதலில் நூலகத்துக்குப் போனோம். பழைய கணக்கெடுப்புப் புத்தகங்கள் தலையணை கனத்தில் இருந்தன. ஊருக்கு எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண் என்று பக்கம் பக்கமாக எண்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. லீவு போட்டு வந்த எரிச்சலில் நான் கிளம்பலாம் என்றேன். அப்பா திருவொற்றியூர்ப் பெண்களின் எண்ணிக்கை மேல் விரலை வைத்துக்கொண்டு, “இதுல ஒருத்தி எங்கம்மா. இது வரிக்கும் வந்தாச்சு பாரு” என்றார். எனக்குக் கோபம் போய்விட்டது.

அங்கே பழக்கமான ஓய்வுபெற்ற வருவாய்த் துறைக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார். சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்த முதல் கணக்கெடுப்பின் சீட்டுகளைப் பார்த்து, வீடு வீடாகப் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி வைத்தார்களாம். எங்காவது ஒரு பிரதி கிடந்தாலும் கிடக்கலாம் என்றார். அதன் பிறகு அப்பா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, ஒரு பழைய பதிவறையில், கரையான் தின்றது போக மீதி இருந்த கட்டுகளுக்குள் காலடிப்பேட்டை கிடைத்தது. எங்கள் தெருவும் அதில் இருந்தது.

முதல் வரியில் தாத்தா. கூலி வேலை, எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வரியில் அப்பா, வயது மூன்று. நடுவில் இருந்த வரியை நான்தான் படித்துக் காட்டினேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘மேற்படியார் மனைவி’ என்றிருந்தது.

அந்தக் காலத்தில் அந்நிய ஆண் வந்து கேட்டால் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். கேட்க வந்தவரும் வற்புறுத்தாமல் இப்படி எழுதிக்கொண்டு போய்விடுவார். இதற்கா இவ்வளவு அலைந்தோம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா, “மிச்சத்தயும் படி” என்றார். படித்தேன். வயது இருபத்திரண்டு. எழுதப் படிக்கத் தெரியும்.

“இன்னொரு தபா படி.”

மறுபடியும் படித்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேனாவ அது கையில குட்த்திருந்தா அதுவே எழுதியிருக்குமே” என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குப் புதிய கேள்வி. யார் படிக்க வைத்தார்கள்? எந்தப் பள்ளிக்கூடம்? ராயபுரம் வரை பழைய பெண்கள் பள்ளிகள் எல்லாவற்றையும் விசாரித்தோம். சேர்க்கைப் பதிவில் தேடக் குழந்தையின் பெயராவது தகப்பன் பெயராவது வேண்டும் என்றார்கள். இரண்டுமே எங்களிடம் இல்லை. அப்பா சோர்ந்து போகவில்லை. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாட்களிலும், ஊசி போட வந்த நர்சுகளிடம் அவரவர் தாயின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இறப்பைப் பதிய அம்மாவும் நானும் போயிருந்தோம். இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார். ஐம்பது வருடத்தில் அப்பாவின் பெயரை அம்மா சொல்லி அன்றுதான் கேட்டேன். அடுத்து அவருடைய தாயார் பெயரைக் கேட்டார்கள். “பேரு தெரியாது சார். படிச்சவங்க” என்றார் அம்மா. எழுத்தர் எழுதுவதை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

அப்பாவைத் தாங்கிப் பிடித்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், கடைசி வரை வந்து உட்கார்ந்து பேசிய துறைமுக நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பு எரியவில்லையே என்று உணவு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தூசியும் இருமலுமாக அந்தக் கட்டுகளைப் பிரித்துக் கொடுத்த பதிவறை ஊழியருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் எங்கள் வம்ச வரிசையை அச்சிட்டிருக்கிறோம். அதில் தாத்தாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்றுதான் முதலில் போட்டிருந்தேன். அச்சகத்திலிருந்து வந்த தாளைப் பார்த்த அம்மா அதை எடுத்துவிடச் சொன்னார்.

“தெரிலன்னு போட்டா அத்தோட முடிஞ்சிபூடும். எடம் வுடு. எவனுக்காவது தெரிஞ்சிருக்கும், எழுதிக் குடுப்பான்.”

இடம் விட்டிருக்கிறோம்.