இருநூற்று ஐம்பதாவது பறவை

“நான் ஒரு தடவ பேரு சொல்லிட்டா, அந்தப் பறவையே நேர்ல வந்து இல்லன்னு சொன்னாலும் செல்லாது” என்று பறவை நோக்கர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மருந்துக் கடைக்காரர் அறிவித்தார். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். அன்று வந்திருந்தவர்கள் ஆறு. ஆறு பேரும் கைதட்டினார்கள். தட்டாவிட்டால் அவர் உட்காரமாட்டார் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது.

இந்தத் தன்னம்பிக்கையைத் தொழில் அவருக்குக் கொடுத்திருந்தது. இருபத்தாறு வருஷமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்து வருகிறார். ஒரு கோட்டையும் இரண்டு சுழியையும் பார்த்து, என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று சொல்லிவிடுகிறவருக்கு, அலகு, இறக்கை, வால் என்று சகல அங்கங்களோடும் எதிரே நிற்கிற ஒரு ஜீவனை அடையாளம் காண்பது பெரிய வித்தையா?

பார்த்த பறவைகளை, மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறைகளில்தான் குறித்து வைப்பார். காலை, மதியம், இரவு என்று கட்டங்கள் அச்சாகியே வரும். பார்த்த வேளைக்கு நேரே ஒரு டிக். ‘சாப்பாட்டுக்கு முன், பின்’ கட்டத்தையும் வீணாக்கவில்லை. பறவை இரை தின்னுமுன் பார்த்ததா, தின்ற பிறகா என்று அதில் தெரிந்துகொள்ளலாம். ஒருமுறை, ‘மீன்கொத்தி, இரண்டு, காலை’ என்ற உறை தவறிப்போய் ஓர் இருமல்காரரிடம் சேர்ந்துவிட்டது. அவர் அதை இன்னொரு கடையில் நீட்டி, ஸ்டாக் இல்லை என்ற பதிலோடு திரும்பி வந்தார்.

இவ்வளவு கீர்த்திக்கும் நடுவே ஒரு முள் இருந்தது. அந்தக் கடலோரத்திலும் அதைச் சுற்றிய வயல்வெளியிலும் தென்பட்ட பறவைகளுக்குச் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. ஒவ்வொரு பறவைக்கும் நேரே ‘முதலில் கண்டவர்’ என்று ஒரு பெயர். அதில் பல் டாக்டரின் பெயர் நான்கு இடங்களில் வருகிறது. நம்மவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. பல் டாக்டர் வேறு யாருமில்லை, அவர் மனைவியின் தம்பி. முழங்கை நீள லென்ஸோடு திரிகிறவர். மாமா எந்தப் பறவையைப் பற்றி வாயைத் திறந்தாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“படம் இருக்கா மாமா?”

பட்டியலைப் புத்தகமாகப் போட முடிவான மாதத்தில்தான் அது நடந்தது. செங்கல் சூளைக்குக் களிமண் வெட்டிய பள்ளத்தை ஒட்டி, கழிமுகச் சேற்றில், சிட்டுக்குருவி அளவில் உள்ளான் என்கிற கரைப்பறவை ஒன்று ஓடித் திரிந்தது. கொசு உள்ளான் அங்கே நூற்றுக்கணக்கில் வரும். அதற்குக் கால் கறுப்பு. இதற்கோ மஞ்சள். மஞ்சள் காலோடு அதற்கு ஓர் அபூர்வமான பங்காளி உண்டு. அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. மருந்துக் கடைக்காரர் பெயர் சொல்லிவிட்டார். படம் இல்லை. ஆனாலும் பட்டியல் இருநூற்று நாற்பத்தொன்பதில் முக்கிக்கொண்டு நின்றதால், சங்கம் அவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டது. இருநூற்று ஐம்பது என்றால் அட்டையில் போட அழகாக இருக்கும்.

பெயர் அச்சாகப் போகிறது என்று வீட்டில் சொன்னார். கண்ணெதிரே தொங்குகிற சட்டையைத் தேடித் தரச் சொல்கிற மனுஷர் இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று மனைவி வியந்தார். அந்த வியப்பையும் அவர் பாராட்டுக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

அச்சுக்குப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மச்சானின் வாயை அடைக்கவென்றே அவரையும் கழிமுகத்துக்கு அழைத்துப் போனார். பல் டாக்டர் போன வேகத்தில் ஒரு கரண்டிவாயனைக் கண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு படமெடுக்க உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம், பள்ளத்தின் ஓரத்தில், மஞ்சள் கால் உள்ளான் மறுபடியும் ஆஜர்.

மருந்துக் கடைக்காரர் பைனாகுலரைத் தூக்கினார். பறவை குடுகுடுவென்று ஓடி, ஏறிவரும் அலைநீரில் இறங்கி, வயிறு நனைய நின்று, கால் கழுவிக்கொண்டு கரையேறியது. இப்போது ஒரு கால் மஞ்சள், ஒரு கால் கறுப்பு. அப்படியொரு பறவை உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. இன்னொரு அலை வந்து அந்தக் குறையையும் தீர்த்து வைத்தது. நூற்றுக்கணக்கில் வருகிற சாதாரணக் கொசு உள்ளான் ஒன்று, காலில் ஒட்டியிருந்த சூளையின் மஞ்சள் களிமண்ணைத் துறந்து, அவர் முன்னால் சாவகாசமாக இறகு கோதியது.

“என்ன மாமா, ஆப்டுச்சா?” என்று பல் டாக்டர் திரும்பாமலே கேட்டார்.

“இல்ல, போயிடுச்சு” என்றார். ஒருவகையில் அது உண்மைதான்.

அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. ஜுர மாத்திரை கேட்டு வந்தவரிடம் மூன்று முறை வயதைக் கேட்டார்.

திங்கட்கிழமை, கடையைத் திறக்காமல் அச்சகத்துக்குப் போனார். அச்சகம் நடத்துகிற அம்மாள்தான் சங்கத்தின் செயலாளர். மெஷின் ஓடத் தயாராக இருந்தது. கடைசிப் பக்கத்தின் புரூஃப் மேஜைமேல் கிடந்தது. இருநூற்று ஐம்பதுக்கு நேரே அவர் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் விழுந்திருந்தது. அதை இரண்டு தடவை படித்தார்.

“இந்த வரிய எடுத்துடுங்கம்மா.”

“ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல. கால்ல சேறு ஒட்டியிருந்துச்சு. நான் சேத்தப் பாத்து பேரு வெச்சுட்டேன்.”

அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினார். அதற்குள் மருந்துக் கடைக்காரர் தம் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, ஸ்கேல் வாங்கி, வரியை நேராக அடித்தார்.