முதுகை விட்டுப் போகாத குழாய்

நாற்பத்தொரு வயதில் பிள்ளை பெற்றவள் நான். வலி தெரியாமலிருக்க மருந்து ஏற்றுவதற்காக, முதுகெலும்புகளுக்கு நடுவே நூல்போல ஒரு குழாயைச் செருகியிருந்தார்கள். மகள் வெளியே வந்துவிட்டாள். குழாய்க்குத்தான் என்னைப் பிரிய மனமில்லை.

அதை எடுக்க வந்த நர்ஸ், கன்னடம் கலந்த தமிழ் பேசும் ஆஸ்டின் டவுன்காரி. முதுகுப் பிளாஸ்திரியை அவள் உரித்தபோது, பிரசவத்துக்கென்று சேர்த்துவைத்திருந்த கூச்சலையெல்லாம் போட்டுத் தீர்த்தேன். பிறகு குழாயை மெல்ல இழுத்தாள். அது வரவில்லை. சட்டென்று கையை நிறுத்திவிட்டாள்.

“கொஞ்சம் பலமா இழுங்க சிஸ்டர்,” என்றார் என் கணவர்.

“சார், இது போர்வெல் பைப் இல்ல. அறுந்தா துண்டு உள்ளயே நின்னுடும். ஸ்வல்ப வெளிய நில்லுங்க.”

பிளாஸ்டிக் துண்டை ஆயுளுக்கும் முதுகில் சுமப்பதா? ‘அந்த ஊசியே வேணாம்னேனே’ என்று மாமியார் என் சமாதிவரை வந்து சொல்வாரே.

“அக்கா, ஒருக்களிச்சுப் படுங்க. ஊசி போட்டப்ப வளைஞ்ச மாதிரியே வளைங்க, எறா மாதிரி.”

“இந்த வயித்தோட எறாவா? திமிங்கிலம்னு சொல்லும்மா, முயற்சி பண்றேன்.”

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். இறுகிக் கிடந்த முதுகு தளர்ந்தது. குழாய் வழுக்கிக்கொண்டு வந்தது.

அதன் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுக் காட்டினாள். “முழுசா இருக்கு,” என்றார்கள் இருவரும். நம்பாமல், என் கண்முன் காட்டச் சொல்லி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“போதும்க்கா. பெத்த கொழந்தையக்கூட நீங்க இன்னும் இப்படிப் பாக்கல.”